ஈச்சங்குப்பத்தில் செத்தவர்கள் சாட்சி சொன்ன காலை

கர்த்தர் கடைசி நாளில் செய்யப்போகிற வேலையில் ஒரு பங்கை நான் முன்கூட்டியே செய்து முடித்துவிட்டேன். செத்து முப்பது, நாற்பது, எழுபது வருஷமான முப்பத்தொரு பேரை ஒரே காலையில் எழுப்பி, வரிசையாக நிறுத்தி, டெபுடி தாசில்தார் முன்னால் பேர் கூப்பிட்டு ஆஜர் கொடுக்க வைத்தவன் நான். எக்காளம் எதுவும் ஊதவில்லை. கையில் ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி, வாயில் ஒரு விசில். அவ்வளவுதான்.

நம்ப முடியவில்லையா? பரவாயில்லை. நம்பாதவர் எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருந்தார்.

நான் ஞானசிங். ரேணிகுண்டாவில் கூட்ஸ் வண்டி கார்டாக முப்பத்தாறு வருஷம் வண்டி ஓட்டி, 1975-இல் ரிட்டையர் ஆனவன். வண்டியை ஓட்டுகிறவர் டிரைவர் அல்லவா என்று கேட்பீர்கள். டிரைவர் முன்னால் உட்கார்ந்திருப்பார். கார்டு கொடி காட்டினால்தான் வண்டி நகரும். ஒருமுறை புத்தூரில் நான் தும்மிய சத்தத்தை விசில் என்று நினைத்து நாற்பது பெட்டிகளோடு டிரைவர் கிளம்பிவிட்டார். நான் ஓடிப்போய்க் கடைசிப் பெட்டியில் தொத்திக்கொண்டேன். இதையும் அந்த மனிதர் நம்புவதில்லை.

அந்த மனிதர் வேதநாயகம். என் அக்கா யூனிஸின் கொழுந்தனார். எனக்கு மச்சான் முறை. புத்தூரில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சபைக் கமிட்டிக்கு எத்தனையோ வருஷமாகச் செக்ரெட்டரி. மினிட்ஸ் புத்தகம், ஞானஸ்நான ரிஜிஸ்டர், அடக்க ரிஜிஸ்டர் எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருக்கும். அச்சு மாதிரி எழுத்து. 'நான் எழுதினதுல ஒரு புள்ளி தப்பு காட்டு, காதுல கடுக்கன் போட்டுக்கறேன்' என்பார். நான் ஐந்நூறு என்றால் அவர் ஐம்பது என்பார். நான் யானை என்றால் அவர் எருமை என்பார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கன்றுக்குட்டி என்று திருத்துவார்.

நாராயணவனத்துக்கும் புத்தூருக்கும் நடுவில், தார் ரோட்டிலிருந்து வண்டிப்பாதையில் உள்ளே போனால் ஈச்சங்குப்பம். அங்கே எங்களுக்கு ஒரு கோயில் இருந்தது. போன நூற்றாண்டில் மிஷன் துரை ஒருவர் கட்டியது. சுண்ணாம்புச் சுவர், நாட்டு ஓடு, கிழக்கே ஒரு சின்ன மணிக்கூண்டு. அந்த மணியை அடித்தால் நாகலாபுரத்துக் கோபுரத்தில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் எழுந்து பறக்கும். பக்கத்து வயல் கொக்கு தலை தூக்கிப் பார்த்தால் அதிகம் என்பது மச்சான் கணக்கு.

1946-இல் ஆறு நாள் விடாமல் மழை பெய்தது. ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, மேற்குச் சுவர் களைத்துப்போன ஆள் மாதிரி மெதுவாக உட்கார்ந்தது. கூரை அதன் மடியில் படுத்தது. ஆராதனைக்கு முந்தி பாட்டு ஒத்திகை நடக்க வேண்டிய நேரம் அது. ஒருவருக்கும் காயமில்லை. பாட்டுக் குழுவினர் அன்றைக்கு ஒத்திகைக்கு வரவில்லை. என்றைக்கும் வந்ததுமில்லை.

அதற்குள் சபையில் பாதிப்பேர் ரயில்வே வேலை, ஆஸ்பத்திரி வேலை, வாத்தியார் வேலை என்று புத்தூருக்கும் ரேணிகுண்டாவுக்கும் திருப்பதிக்கும் போயாகிவிட்டது. விழுந்ததைத் தூக்கி நிறுத்துவதற்குப் பதிலாகப் புத்தூரிலேயே புதுக் கோயில் கட்டினார்கள். மணி அங்கே போயிற்று. கதவு போயிற்று. பிரசங்க மேடையை இரண்டு பேர் தலையில் சுமந்துகொண்டு போனார்கள். மிச்சமிருந்த செங்கல்லை ஊரார் எடுத்துக்கொண்டார்கள். ஐந்து வருஷத்தில் கோயில் இருந்த இடத்தில் ஒரு அரைச் செங்கல் கூட இல்லை.

கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம் இருந்தது. முப்பத்தொரு பேர். அதை என்ன செய்வது என்று கமிட்டி கூடியது. நம்ம ஜனத்தை முள்ளுக்குள் விட்டுவிட்டா போவது என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் அழுதார்கள். அழுத கையோடு ஒரு தீர்மானம் போட்டார்கள். முப்பத்தொரு கல்லறைக் கற்களையும் பெயர்த்து, நாலு மாட்டுவண்டியில் ஏற்றி, வழியெல்லாம் ஞானப்பாட்டு பாடிக்கொண்டு போய், புத்தூர்க் கோயிலின் பின்பக்கத்தில் அதே வரிசையில் நட்டார்கள். ஒவ்வொரு கல்லுக்குக் கீழேயும் பழைய இடத்து மண் ஒரு பிடி வைத்தார்கள்.

ஆட்களை மட்டும் கொண்டுபோகவில்லை. தோண்டுவதற்கு ஒருவருக்கும் மனசு வரவில்லை. ஆகப் பெயர்கள் புத்தூரில், பெயருக்கு உரியவர்கள் ஈச்சங்குப்பத்தில். உலகத்தில் வேறு எந்தச் சபையாவது இப்படி ஒரு காரியம் செய்திருந்தால் சொல்லுங்கள், நான் மீசையை எடுத்துவிடுகிறேன்.

மச்சான் அன்றைக்கு மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினார்: 'ஈச்சங்குப்பம் கல்லறைத் தோட்டம் புத்தூருக்கு மாற்றப்பட்டது.' அழகான வாக்கியம். எல்லாருக்கும் ஆறுதலாக இருந்தது.

என் அக்காவைத் தவிர. அக்காவின் புருஷன் சாந்தகுமார், வேதநாயகத்தின் அண்ணன், 1941-இல் விஷக் காய்ச்சலில் போனவர். அப்போது அக்காவுக்கு இருபத்தேழு வயசு. அடக்க ரிஜிஸ்டரில் அவர் இருபத்திரண்டாம் நம்பர். வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை அக்கா எல்லாரோடும் சேர்ந்து புத்தூர்க் கல்லுக்கு மாலை போடுவாள். அப்புறம் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஈச்சங்குப்பம் போய், சீமைக்கருவேல முள்ளுக்கு வெளியே நின்று, உள்ளே இருந்த ஒரு பனைமரத்தை அடையாளம் வைத்து, அந்தத் திக்கில் ஒரு கை சாமந்தியை வீசிவிட்டு வருவாள். முப்பது வருஷம்.

1976 ஏப்ரலில், கல்லறைத் தோட்டம் இருந்த பதினொரு ஏக்கர் புறம்போக்கு முழுக்க உரக் கிடங்கு கட்டப் போகிறார்கள் என்று தண்டோரா போட்டார்கள். கேள்விப்பட்டு நானும் அக்காவும் போனோம். முள்ளை எல்லாம் வெட்டி, கரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டிருந்தார்கள். பனைமரத்தையும் வெட்டி, அடிக்கட்டை மேல் மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். பதினொரு ஏக்கரும் சாணி மெழுகிய களம் மாதிரி மொட்டையாகக் கிடந்தது.

அக்கா சேலைத் தலைப்பில் சாமந்தியை முடிந்துகொண்டு கொஞ்ச தூரம் வடக்கே போனாள். திரும்பித் தெற்கே வந்தாள். கடைசியில் என்னைப் பார்த்து, "நான் எங்கடா நிக்கறது?" என்றாள்.

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் நான், அவள் கையைப் பிடித்து ரோட்டுக்குக் கூட்டிவந்தேன்.

மறுநாளே சித்தூருக்கு பஸ் ஏறினோம். இந்த ஃபைல் நாகபூஷணம் என்கிற டெபுடி தாசில்தாரிடம் இருந்தது. தெலுங்குக்காரர், நம்மோடு பேசும்போது தமிழையும் சேர்த்துக்கொள்கிற நல்ல மனுஷர். அக்காவுக்கு நாற்காலி போடச் சொன்னார். ஃபைலைப் பிரித்து, பழுத்துப்போன ஒரு காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பினார். 1950-இல் ரெவின்யூ ஆபீசில் கேட்டதற்கு எங்கள் கமிட்டியே அனுப்பிய நகல். அச்சு மாதிரி எழுத்து. 'மாற்றப்பட்டது.'

"சூடண்டி அம்மா, மீ காகிதமே, உங்க காகிதமே அங்க ஒண்ணும் லேதுன்னு சொல்லுது. அதனாலதான் தரிசுன்னு எழுதியிருக்காங்க. கல்லறை இருக்குதுன்னு தெரிஞ்சா அந்த எடத்த விட்டுட்டு மீதியில கட்டலாம், எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. ஆனா எங்க இருக்குது? தோண்டிப் பாக்கலாமா?"

"வாணாம் சார்," என்றாள் அக்கா. "தோண்டக் கூடாதுன்னுதானே வந்துகிறோம்."

அவர் பேனாவை மூடினார். "சரேனண்டி. திங்கக்கெழம ஒம்பது மணிக்கு நானே வர்றேன். தோண்டாம எடத்தக் காட்டுங்க. இந்தக் கையெழுத்துப் போட்டவரும் வரணும். மாத்தலன்னு அவர் வாக்குமூலம் குடுக்கணும். இல்லன்னா செவ்வாக்கெழம அஸ்திவாரம் வெட்டுவாங்க, நான் நிறுத்த முடியாது."

சித்தூரிலிருந்து நேராகப் புத்தூர், மச்சான் வீடு. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எல்லாம் கேட்டார்.

"முடியாது," என்றார்.

"இன்னா மச்சான் முடியாது? ஆள யாரும் கொண்டாரலன்னு ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியறது வேற, புஸ்தகத்துல இருக்கறது வேற. முப்பது வருஷமா ஈஸ்டர் அன்னைக்கு அந்தக் கல்லுங்க முன்னால நின்னு ஒவ்வொரு பேரா நான் படிச்சிக்கினு வர்றேன் சிங்கு. இப்ப போயி அதெல்லாம் சும்மான்னு கவர்மெண்டுல எழுதிக் குடுக்கணுமா?"

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். "தம்பி, உங்கண்ணன் எங்க கீறாரு? அத மட்டும் சொல்லு."

மச்சான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "கல்லு எங்க கீதோ அங்க, அண்ணி." சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி அதைக் கூட்டிக்கொண்டார். "நான் கண்ணால பாத்ததுக்குத்தான் கையெழுத்துப் போடுவேன். பதினோரு ஏக்கர்ல எந்த எடம்? உனக்குத் தெரியுமா? வடக்கா, தெக்கா? காட்டு, பாக்கறேன்."

"காட்டறேன்! திங்கக்கெழம ஒம்பது மணிக்கு முப்பத்தோரு பேரையும் எழுப்பி நிறுத்தறேன். ரிஜிஸ்டர எடுத்துக்கினு வாங்க."

"நீயா?"

"நான்தான்."

மச்சான் உள்ளே திரும்பி, "அடியே, இவனுக்கு மோர் குடு. வெயில்ல சுத்திட்டு வந்துகிறான்," என்று குரல் கொடுத்தார்.

எப்படி எழுப்புவது என்று எனக்கு ஒரு யோசனையும் இல்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை மறுபடியும் ஈச்சங்குப்பம் போய் அந்த மொட்டை நிலத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். குறைந்தது நாற்பது மைல் நடந்திருப்பேன். நாக்கு வறண்டு பக்கத்துக் கிணற்றடிக்குப் போனால் கோவர்த்தனன் இருந்தான். மூன்று தலைமுறையாக அங்கேயே வேர்க்கடலையும் கரும்பும் போடுகிற குடும்பம். அவனுடைய கிணற்றுக்குள் நான் எட்டிப் பார்த்தால், சுற்றுச்சுவர் முழுக்க எங்கள் கோயில் செங்கல்.

"இன்னா கார்டு சார், வண்டிய தொலச்சிட்டா மாதிரி தேடிக்கினு கீறீங்க?"

சொன்னேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். பிறகு எடுத்துத் தலையில் கட்டினான். மறுபடி தோளில் போட்டான். ஒரு துண்டுக்கு அவ்வளவு வேலை இருந்தால் ஆள் எதையோ மறைக்கிறான்.

"இன்னாப்பா?"

"நான் சொன்னேன்னு அந்த தாசில்தார்கிட்ட சொல்லக் கூடாது சார்."

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

"பத்து வருஷத்துக்கு முன்னால என் வரப்ப ஒட்டி கொஞ்சூண்டு முள்ள வெட்டிட்டு கடலை போட்டேன். ஒரு அரை ஏக்கர் இருக்கும். பொறம்போக்குதானே, யாரு கேக்கப் போறாங்கன்னு. மொத தண்ணி கட்டினேன். கட்டிட்டு, சோறு துன்னுட்டு வந்து பாத்தா, தண்ணி பாத்தி பாத்தியா நிக்குது சார். வரிசையா. நான் கட்டாத பாத்தி!" அவன் கையை நீட்டிக் காட்டினான், முடி சிலிர்த்திருந்தது. "ஆள் நீளம், ஆள் அகலம். வெதையும் வாணாம், வெள்ளாமையும் வாணாம்னு அப்படியே ஓடியாந்துட்டேன். அப்புறம் முள்ளு மூடிக்கிச்சு."

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை அவரவர் குடும்பம் போய்க் கல்லறை மேட்டுக்குப் புது மண் போட்டு அணைத்துவிட்டு வரும். தோண்டி மூடிய மண் வருஷா வருஷம் இறங்கும். இறங்கின அளவுக்கு மேலே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கற்களைப் புத்தூருக்குக் கொண்டுபோன பிறகு சனிக்கிழமை மண்ணும் புத்தூர்க் கல்லுக்குத்தான் விழுந்தது. இங்கே முப்பது வருஷமாக யாரும் மண் போடவில்லை. இறங்கியது இறங்கினபடியே கிடக்கிறது. சருகும் தூசியும் மூடியதில் கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீருக்குத் தெரியும்.

கோவர்த்தனனைக் கட்டிப் பிடித்தேன். அவன் எலும்பு நொறுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவனும் நானும் அந்த அரை ஏக்கரைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வரப்பு போட்டோம். திங்கள் விடிந்ததும் மோட்டாருக்கு வேண்டிய மூன்று ஃபேஸ் கரண்ட் வரும்; ஒன்பது மணிக்குப் போய்விடும். மோட்டார் ரூம் முந்நூறு கஜத்துக்கு அப்பால், கரும்புக்கு அந்தப் பக்கம். கூப்பிட்டால் கேட்காது. நான் வரப்பு மேல் நின்று பச்சைக் கொடி காட்டினால் மோட்டார் போடுவது, சிவப்பு காட்டினால் நிறுத்துவது என்று ஏற்பாடு. விசில் எதற்கென்றால், கொடி காட்டுகிறவனுக்கு அது இல்லாமல் கை எழாது, அவ்வளவுதான்.

"ஏழு ஏழரைக்கெல்லாம் நிறுத்திடணும் சார்," என்று கோவர்த்தனன் படித்துப் படித்துச் சொன்னான். "அப்புறம் தண்ணி எறங்கறதுக்கு டைம் வேணும்."

சொன்னான். நான் கேட்டேன். ஆனால் ரிட்டையர் ஆகி ஒரு வருஷத்துக்குப் பிறகு கையில் கொடி. பச்சையைத் தூக்கி ஊதியதும் கரும்புக்கு அப்பால் மோட்டார் உறுமியது. கால்வாயில் தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. நாற்பது பெட்டிகள் என் கைக்கு அசைகிற மாதிரி இருந்தது. ஏழரை ஆயிற்று. இன்னும் ஐந்து நிமிஷம் ஓடட்டும் என்றேன். எட்டு ஆயிற்று. இன்னும் ஐந்து நிமிஷம். கடைசியில் நான் சிவப்பைத் தூக்கவே இல்லை. ஒன்பதுக்குக் கரண்ட் தானாகப் போய் மோட்டார் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். பாத்தியும் இல்லை, வரிசையும் இல்லை. அரை ஏக்கரும் ஒரே தண்ணீர்த் தகடு. மேகம் மிதந்துகொண்டிருந்தது.

சரியாக அந்த நேரத்துக்கு மச்சான் குடையும் மடக்கு நாற்காலியும் கக்கத்தில் இரண்டு புத்தகமுமாக வந்து சேர்ந்தார். வரப்பு மேல் நின்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார்.

"ஏரியே வெட்டிட்டியே சிங்கு. கெண்ட மீன் விடலாம்."

"கொஞ்சம் பொறுங்க மச்சான்."

"முப்பத்தோரு பேரும் நீச்சல் அடிச்சிக்கினு வரணுமா? யாரும் கத்துக்கலியே, பாவம்."

அக்கா வரப்பில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பூ. என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எமர்ஜென்சி காலம், ஆபீசர்கள் கடிகாரத்தை விழுங்கிவிட்டு வேலைக்கு வந்த காலம். ஒன்பது என்றால் ஒன்பது. எந்த நிமிஷமும் ஜீப் வரும், இந்தக் குட்டையைப் பார்க்கும், திரும்பிப் போகும். நாளைக்குக் கடப்பாறை. என் வாயிலும் கொடியிலும் இருந்த ஆசையினால் என் அத்தான் மேலே உரமூட்டை.

கோவர்த்தனன் கரும்பைப் பிளந்துகொண்டு ஓடி வந்தான். "ஏழரைன்னு சொன்னேனே சார்! ஏழரை!" தலையில் அடித்துக்கொண்டான், மண்வெட்டியை எடுத்தான், பள்ளமான கிழக்கு மூலையில் வரப்பை நாலே வெட்டில் திறந்துவிட்டான். தண்ணீர் குபுகுபுவென்று வெளியே பாய்ந்தது. "இனிமே சூரியன்தான்," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

ஒன்பதே கால். ஜீப் இல்லை. ஒன்பதரை. ரோட்டில் தூசி கிளம்பியது. பார்த்தால் கரும்பு ஏற்றின டிராக்டர். மச்சான் குடையை விரித்து, தண்ணீருக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு மினிட்ஸ் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஆபீசர் வந்தால்தான் திரும்புவாராம்.

பத்து மணி சுமாருக்கு மேட்டுப் பக்கம் மண் தலை தூக்கியது. சரளை மண், குடிக்கிற வேகத்தில் குடித்து வெளுத்தது. அந்த வெளுப்புக்கு நடுவில் ஒரு துண்டுத் தண்ணீர் மட்டும் போகாமல் நின்றது. நீள வாக்கில், கிழக்கு மேற்காக, ஓரம் வெட்டினது மாதிரி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவது. அப்புறம் தட்டு அளவுக்குச் சின்னதாக இரண்டு, குழந்தைகளுடையது. அப்புறம் எண்ண முடியாத வேகத்தில் வரிசை வரிசையாக அவர்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தண்ணீர்ப் பெட்டிக்குள்ளும் ஒரு துண்டு வானம்.

கோவர்த்தனன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அக்கா எழுந்து நின்றாள்.

"மச்சான்," என்றேன். வாயில் விசில் இருந்ததால் அது ஊளையாக வந்தது.

அப்போதுதான் ஜீப் வந்தது. நாராயணவனத்தில் டயர் பஞ்சராம். நாகபூஷணம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இறங்கினார். இரண்டு அடி நடந்தார். நின்றார். செருப்பைக் கழற்றினார்.

"தேவுடா," என்றார் மெதுவாக. "இதெல்லாம் யாரு வெட்டினது?"

"யாரும் வெட்டல சார். தண்ணி மட்டும்தான் விட்டோம்," என்றேன். "ரிஜிஸ்டர் கீது. சரி பாத்துக்குங்க."

மச்சான் எழுந்து திரும்பினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி பார்த்தார். "தண்ணி எங்க வேணாலும் நிக்கும் சார்," என்றார். "பள்ளம்னா நிக்கும். அதுக்கு இவன் கூத்து கட்டுவான்."

"படிங்க சார், பாப்போம்," என்றார் நாகபூஷணம்.

மச்சான் அடக்க ரிஜிஸ்டரைப் பிரித்தார். வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கிற குரலிலேயே ஆரம்பித்தார். "மொத வரிசை, பத்து. ஒண்ணாம் நம்பர், பெரியவர்." நான் வரப்பு மேல் நடந்து அந்தப் பெட்டிக்கு நேரே நின்று பச்சைக் கொடி காட்டினேன். "ஆஜர்!" இரண்டு, ஆஜர். மூன்று, ஆஜர். "நாலு, அஞ்சு. காலரா வருஷம். கொழந்தைங்க." அந்த இரண்டு தட்டுத் தண்ணீருக்கு முன்னால் நான் கொடியைத் தாழ்த்தினேன். நாகபூஷணம் தன் நோட்டில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்தார். முதல் வரிசை பத்து, தண்ணீரிலும் பத்து. மச்சான் குரலில் சுருதி கொஞ்சம் இறங்கியது.

"ரெண்டாம் வரிசை, ஒம்பது. பதினொண்ணு. பன்னெண்டு." அப்படியே பதினாறு வரை வந்தார். "பதினேழு. தச்சர் ஞானமணி, 1939. நாலடியில..." நிறுத்திவிட்டார்.

"நாலடியில?" என்றார் நாகபூஷணம்.

மச்சான் படிக்கவில்லை. நாகபூஷணம் அவர் தோளுக்கு மேலாக எட்டி, எழுத்துக் கூட்டித் தமிழைப் படித்தார். "நாலடியில் பாறை தட்டியதால், வடக்குத் தெற்காக, குறுக்கே, அடக்கம் செய்யப்பட்டது."

எல்லாரும் இரண்டாம் வரிசையின் ஏழாவது பெட்டியைப் பார்த்தோம். முப்பது பேர் கிழக்கு மேற்காகக் கிடக்க, தச்சர் ஞானமணி ஒருவர் மட்டும் வடக்குத் தெற்காகக் குறுக்கே கிடந்தார், உயிரோடிருந்தபோது கமிட்டித் தீர்மானங்களுக்குக் குறுக்கே நின்ற மாதிரியே.

எனக்குக் கொடி காட்டத் தோன்றவில்லை. மிச்சப் பேரை மச்சான் சத்தமில்லாமல் விரலாலேயே எண்ணி முடித்தார். முப்பத்தொன்று.

அக்கா அதற்குள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கியிருந்தாள். மூன்றாம் வரிசை, மூன்றாவது. அங்கே போய் நின்றாள். தண்ணீர் மண்ணைக் கரைத்ததில் வெளியே வந்திருந்த பனை அடிக்கட்டையைத் திரும்பிப் பார்த்தாள்; அது தச்சரின் தலைமாட்டில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்தாள். சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"டேய் சிங்கு! முப்பது வருஷமா நான் பூ போட்டது எல்லாம் தச்சர் மேலடா! எங்க வூட்டுக்காரர் அடுத்த வரிசையில படுத்துக்கினு பாத்துக்கினு இருந்துகிறாரு!"

சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தாள். பிறகு குனிந்து பூவை அந்தத் தண்ணீரில் விட்டாள். அது மிதந்தது. அத்தனை வருஷத்தில் அவள் குரல் அவ்வளவு லேசாக நான் கேட்டதில்லை.

நாகபூஷணம் நோட்டை மூடினார். "இந்த அரை ஏக்கர நான் தனியா பிரிச்சி விட்டுடுவேன். கெடங்கு அப்படி நூறு கஜம் தள்ளிப் போகட்டும், ஒண்ணும் முழுகிப் போயிடாது." (அது அப்படித்தான் போயிற்று. கிடங்கு இன்றைக்கும் தள்ளித்தான் நிற்கிறது. நடுவில் கம்பி வேலி.) "ஆனா எனக்கு இவர் வார்த்தை வேணும். ஏமண்டி ஹெட்மாஸ்டர் காரு, இதுவும் உங்க கையெழுத்து, அதுவும் உங்க கையெழுத்து. ஒண்ணு மாத்தியாச்சுன்னு சொல்லுது, ஒண்ணு இங்கயே குறுக்கே கெடக்குதுன்னு சொல்லுது. எது நெஜம்?"

மச்சான் இரண்டு புத்தகங்களையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் கேலி பண்ண வாயெடுத்தேன். அக்கா சேற்றிலிருந்து என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"தம்பி," என்று அவரைக் கூப்பிட்டாள். "வா. உங்கண்ணன் இங்க கீறாரு."

மச்சான் மினிட்ஸ் புத்தகத்தை நாற்காலியில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். சேற்றில் இறங்கி, யாரையும் மிதிக்காமல், வரிசைகளுக்கு நடுவில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, அண்ணன் கிடந்த இடத்துக்குப் போய் நின்றார். பிறகு திரும்பாமலே சொன்னார்.

"எழுதிக்குங்க சார். 1946-ல நாங்க கொண்டாந்தது கல்லு மட்டும்தான். ஆள் யாரையும் கொண்டாரல. மாற்றப்பட்டதுன்னு எழுதினவன் நான். அது தப்பு."

நாகபூஷணம் எழுதினார். தயங்கினார். "இன்னைக்குக் காலையில நடந்தத என்னன்னு எழுதறது? தண்ணி விட்டாங்க, செத்தவங்க எல்லாம் வரிசையா எழுந்து வந்தாங்கன்னு எழுதினா சப் கலெக்டர் என்னைத்தான் பாப்பாரு."

மச்சான் இப்போது திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த கொடியைப் பார்த்தார்.

"அப்படியே எழுதுங்க," என்றார். "கீழ நான் கையெழுத்துப் போடறேன். முப்பத்தோரு பேரும் வந்து நின்னாங்க. நடந்துச்சு சார். நான் பாத்தேன்."